ஞாயிறு ஆண்டவருக்கு, திங்கள் ஆண்டைக்கு

விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்ததும் என் அம்மா எழுந்து நின்றாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நான் வாத்தியாரம்மா ஆகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காவாந்தண்டலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தவள், அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தேன்.

எங்கள் சேரிக் கோயில் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் சுவர், பனை ஓலைக் கூரை, மணிக்குப் பதிலாக வாசலில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. ஆண்கள் இடப்பக்கத்துப் பாயில், பெண்கள் வலப்பக்கத்துப் பாயில். ஜெபம் செய்வது உபதேசியாரின் வேலை. ஆமென் சொல்வது எங்கள் வேலை. பெண்கள் அதைக்கூட முந்தானைக்குள்தான் சொல்வார்கள்.

எழுந்து நின்ற அம்மாவை உபதேசியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னா சாராளு, உடம்புக்கு எதுனா பண்ணுதா?"

"உடம்புக்கு ஒன்னும் இல்லீங்க ஐயா. இன்னிக்கு நானே ஜெபம் பண்ணிக்கிறேன்."

முன்பாயில் உட்கார்ந்து பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்த என் தம்பி சாமுவேல் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது. பொங்கல் கழிந்துவிட்டது, இனி அவன் எங்கள் ஆண்டையின் மெத்தை வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போக வேண்டும். அவன் பிறப்பதற்கு முன்பே பேசி முடித்த பேச்சு அது. அதைத் தடுப்பதற்கு அம்மாவின் கையில் ஒன்றுமே இல்லை, வாயைத் தவிர.

அவள் என்ன ஜெபம் பண்ணினாள் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஜெபம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொன்னால்தான் அது விளங்கும்.

தாலுக்கா சொல்லி ஒரு ஜெபம்

எங்கள் உபதேசியார் தங்கமான மனுஷர். பழைய சைக்கிள் ஒன்றில் வருவார். ஏறுவதற்கு முன் அதன் செயினுக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்கொள்வார், அது அவசியமாகவும் இருந்தது.

அவருக்கு ஒரு கவலை உண்டு. உலகத்தில் எத்தனையோ பேர் ஜெபம் பண்ணுகிறார்கள். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆண்டவர் அவசரத்தில் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதனால் விவரம் ஒன்றையும் விட மாட்டார்.

"செங்கல்பட்டு ஜில்லா, உத்திரமேரூர் தாலுக்கா, எங்கள் கிராமத்தில், ஏரிக்கரைக்குக் கீழே முருங்கை மரத்தை அடுத்த குடிசையில் இருக்கும் உமது அடியாள் லேயாளின் இடது முழங்காலை நினைத்தருளும்" என்பார். வலது முழங்கால் நன்றாக இருக்கிறது என்பதும் ஆண்டவருக்குச் சொல்லப்படும்.

ஆராதனைக்கு முன்னால் வாசலில் நின்று அவரிடம் அவரவர் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். அவர் அத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்து உரக்கச் சொல்வார். எந்த மாமியார் எந்த மருமகளோடு பேசவில்லை, எவன் குடியை விட முடியாமல் தவிக்கிறான், யார் வீட்டு ஆடு எந்த வேலியை மேய்ந்தது, எல்லாம் ஆமெனோடு வெளியே வரும். ஆண்டவருக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லவில்லைதான். எங்களுக்குத் தெரியாததை நிறையச் சொன்னார்.

அது சேரிக்குள் இருந்தவரை யாருக்கும் பேஜார் இல்லை. ஆனால் ஞாயிறுக்குப் பின்னால் திங்கள் வருகிறதே.

திங்கட்கிழமை நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். கை சேற்றில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. வரிசையின் கிழக்குக் கோடியில் லேயா பெரியம்மா, முன்னே சொன்ன முழங்காலுக்குச் சொந்தக்காரி, நேற்றைய ஜெபத்தை ஆரம்பித்து வைப்பாள். அது ஆள் ஆளாகத் தாண்டி வெயில் ஏறுவதற்குள் மேற்குக் கோடிக்குப் போய்விடும். அங்கே வரப்பில் குடை பிடித்துக்கொண்டு மெத்தை வீட்டு ஆண்டை நிற்பார்.

ஊரில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். நாங்கள் நட்டது அவர் நிலம். எங்கள் குடிசைகள் நின்றதும் அவர் மனை. அவர் எங்கள் கோயிலுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் "நேத்து கோயில்ல இன்னாடி விசேசம்?" என்று கோடியில் நிற்கிறவளைக் கேட்பார். அவள் சொல்வாள். சொல்லாமல் இருக்க முடியுமா?

ஆராதனைக்குத் தாமதமாக வருகிற எங்கள் ஆட்களைவிட, எங்கள் ஜெபங்கள் அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாலமோன் சித்தப்பாவின் கடல் காற்று

என் நைனாவின் தம்பி சாலமோன் சித்தப்பாவுக்கு மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டும் என்று ஆசை. அங்கே ஒரு மேஸ்திரி தெரிந்தவர். சித்தப்பா அதை விண்ணப்பமாகக் கொடுத்தார். உபதேசியாரும் ஒன்றும் குறைவைக்காமல், மேஸ்திரியின் கண்களில் தயவு, வண்டிக் கூலிக்கு வழி, சாலமோன் ஊரை விட்டுக் கிளம்ப உத்தேசித்திருக்கும் கிழமை எல்லாவற்றையும் ஆண்டவர் சமுகத்தில் வைத்தார்.

திங்கள் மத்தியானம் ஆண்டைக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஆள் வந்து கூப்பிட்டான்.

"கடல் காத்து உனக்கு ஒத்துக்காதுடா சாலமோனு" என்றார் ஆண்டை, மிகவும் அக்கறையாக. "போறதுன்னா போ. உன் குடிசை யாரு மனையில கீதுன்னு ஒருவாட்டி பாத்துட்டு போ."

சித்தப்பா பார்த்தார். போகவில்லை.

அடுத்த ஞாயிறு உபதேசியார் தமக்குப் பிடித்த பிரசங்கத்தை எடுத்தார். ஒவ்வொரு மனுஷனைக் குறித்தும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் உண்டு. சாலமோனைக் குறித்த நோக்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது, அதனால்தான் மெட்ராஸ் வழி அடைபட்டது. சித்தப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அந்த நோக்கத்தைப் பல வருஷம் ஆண்டையின் கிணற்று ஏற்றத்தில் இறைத்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது சின்னப் பெண். ஆண்டவரின் நோக்கமும் மெத்தை வீட்டின் தேவையும் எப்படி இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போகின்றன என்று எனக்கு வியப்பாக இருக்கும். கேட்டால் அடி விழும் என்பதால் கேட்டதில்லை.

மனசுக்குள் ஒரு விண்ணப்பம்

அப்போது எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. நைனா மெத்தை வீட்டில் படி நெல்லுக்கு உழைக்கிற படியாள், அம்மாவுக்கு அங்கே கொட்டகை வேலை. சாணி வாரி, மாடு கழுவி, பருத்திக்கொட்டை ஆட்டி வைப்பது. எட்டாவது முடித்ததும் நானும் அங்கேதான் போக வேண்டும். அதை யாரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பொழுது விடிவதை யாராவது சொல்கிறார்களா?

உத்திரமேரூரில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர்தான் அதில் மண்ணைப் போட்டார். அம்மாவைக் கூப்பிட்டு, "எஸ்தர் நல்லாப் படிக்குது சாராள். எட்டாவது பாஸ் பண்ணதும் டீச்சர் டிரெயினிங்ல சேத்துடலாம். தங்க எடம், சாப்பாடு எல்லாம் அங்கயே. நீங்க வுட்டா போதும்" என்றார்.

விடுவதா வேண்டாமா என்பது எங்கள் கையில் இருப்பதாக அந்த டீச்சர் நினைத்தார். அவருக்குச் சொந்த ஊர் வேறு.

திரும்பி வரும்போது, தண்ணீர் வழிகிற ஏரிக் கலங்கல் பக்கம் அம்மா நின்று, "இத உபதேசியாருகிட்ட சொல்லக் கூடாது" என்றாள்.

ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஆண்டவர் கேட்கிறார் என்று அவள் முழுசாக நம்பினாள். ஆண்டையும் கேட்கிறார் என்று பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி எப்படிக் கேட்பது?

அடுத்த ஞாயிறு வாசலில் உபதேசியாரிடம், "என் மனசுல ஒன்னு கீதுங்க ஐயா. அது இன்னான்னு ஆண்டவருக்குத் தெரியும். சாராளு கேட்டத குடுன்னு மட்டும் நீங்க சொன்னா போதும்" என்றாள்.

உபதேசியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. முழங்கால் இடதா வலதா என்றுகூடச் சொல்கிறவரிடம், என்ன என்றே சொல்லாத ஒரு விண்ணப்பம்.

அதுவும் ஒரு தை மாதம்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஜில்லா, தாலுக்கா, கிராமம் எல்லாம் சொல்லி, அம்மாவின் பெயருக்கு வந்து, கொஞ்சம் நின்றார். வெறுமனே விட அவருக்கு மனசு வரவில்லை. இவளுக்கு ஒரே பெண். இரண்டு பிள்ளை போய்விட்டது. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறாள். பெயர் வேறு சாராள், வயது போன காலத்தில் பிள்ளை பெற்றதாக வேதத்தில் வருகிற பெயர். இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்?

"உமது அடியாளின் வயிற்றில் ஒரு ஆண் பிள்ளையைத் தந்தருளும்" என்று, ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற குரலில் முடித்தார்.

கோயில் முழுக்க ஆமென் சொன்னது. அம்மாவும் சொன்னாள். வேறு என்ன செய்வாள்?

வாழ்த்து வாங்கியவள்

இதில் இருந்த சிக்கலைப் பாருங்கள். அது இல்லை என்று சொன்னால், பின்னே எது என்று கேட்பார்கள். மறைத்ததைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கேட்காததைக் கேட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா தன்னுடையதல்லாத ஜெபத்தைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தாள்.

திங்கள் நடவில் கேலி வரப்பு தாண்டியது. "இந்த வயசுலயா சாராளு?" என்று லேயா பெரியம்மா கேட்க, வரிசையே நாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. வரப்பில் நின்ற ஆண்டையும் சிரித்தார். படியாள் வீட்டில் ஒரு ஆண் பிள்ளை கூடுவதில் அவருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் நைனா, தாவீது என்று பெயர், அதிகம் பேசாதவர். அன்று கூழைக் குடித்துவிட்டு, கலயத்தைக் கழுவி, கவிழ்த்து வைத்து, அப்புறம் மெதுவாக, "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

அம்மா அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. நைனா நல்லவர். ஆனால் ஆண்டை முகத்தை நேரே பார்த்துக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவர்.

சித்திரை வெயிலில் அம்மா வாந்தி எடுத்தாள். முதலில் வெயில் என்று நினைத்தோம். அது வெயில் இல்லை.

உபதேசியார் அந்த மாதம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை. பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆட்கள் விண்ணப்பம் கொண்டுவந்தார்கள். ஆண்டவர் கேட்கிறார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். எனக்கும் சந்தேகமில்லை. கேட்டிருக்கிறார். யார் சொன்னதை என்பதில்தான் தகராறு.

ஒரு மத்தியானம் வறட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா, பக்கத்தில் நான் இருப்பதை மறந்து, சுவரைப் பார்த்துப் பேசினாள். "நான் இன்னா கேட்டேன், நீ இன்னா குடுத்துக்கீற? எம் பொண்ணு இனிமே எப்பிடி போவும்? புள்ளைய யாரு பாத்துக்குவா?"

வறட்டி ஒவ்வொன்றும் சுவரில் அறைகிற சத்தத்தோடு ஒட்டியது. அவள் முகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்படி ஒரு கோபம். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தவள், கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நான் மனசுக்குள்ள கேட்டேன். உபதேசியாரு சத்தமா கேட்டாரு. சத்தமா கேட்டதுதான் போய் சேந்துக்குது."

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு நோக்கம்

நான் எட்டாவது பாஸ் பண்ணினேன். டிரெயினிங் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்று அம்மா மெத்தை வீட்டுப் புழக்கடைக்குப் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

மெத்தை வீட்டம்மா கெட்டவள் இல்லை. நல்ல பக்தி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருமுக்கூடல் பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் மாங்காயும் வெல்லமும் கொடுத்தாள். விரல் பட்டுவிடாமல் மேலேயிருந்து முந்தானையில் போட்டாள், ஆனாலும் கொடுத்தாள்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். மெத்தை வீட்டம்மா கோபப்படவில்லை.

"படிக்கட்டுமே. நான் இன்னாத்துக்கு குறுக்க நிக்கப் போறேன். ஆனா நாளைக்கு உனக்கு முடியாம போனா கொட்டாய்க்கு ஆளு?" என்றவள், அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "பகவான் எப்பிடி செய்யறான் பாத்தியா சாராளு. ஒரு கைய அனுப்பறதுக்கு முன்னாடியே இன்னொரு கைய உண்டு பண்ணிட்டான். ஆம்பளப் புள்ளையாத்தான் பொறக்கும். மாட்டுக் கயித்த புடிக்கிற வயசு வந்ததும் அனுப்பிடு. நான் அவருகிட்ட சொல்லிக்கிறேன்."

அந்தப் பிள்ளை இன்னும் வயிற்றில் புரளக்கூட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் எத்தனை நோக்கம். உபதேசியாருக்கு அது ஜெபத்தின் மகிமை. நைனாவுக்கு மகன். ஆண்டைக்குப் படியாள். மெத்தை வீட்டம்மாவுக்குப் பகவான் அனுப்பிய மாற்று ஆள். எனக்கு, உள்ளதைச் சொல்கிறேன், பஸ் ஏறுவதற்கான வழி.

அம்மா தலையை ஆட்டினாள்.

அவள் ஆட்டியிருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். அந்தத் தலை அன்று ஆடியிருக்காவிட்டால் இந்தப் பக்கத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், படித்துக்கூட இருக்க மாட்டேன்.

கேட்டு வாங்கியவன்

ஐப்பசி மழையில் தம்பி பிறந்தான். நான் டிரெயினிங் விடுதியில் இருந்தேன். உபதேசியார் தாமே பெயரும் தேர்ந்தெடுத்து ஞானஸ்நானம் கொடுத்தாராம். சாமுவேல். ஆண்டவரிடம் கேட்டு வாங்கியவன் என்று அர்த்தமாம்.

எங்கள் சேரியில் கேட்காமலே வந்து சேர்ந்த பிள்ளை ஒன்று உண்டென்றால் அது அவன்தான். அவனுக்குப் போய் இந்தப் பெயர்.

அவன் தன் பெயரின் அர்த்தத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவான். உபதேசியார் கோயிலுக்குள்ளேயே நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றான். கணக்குதான் அவனுக்கு விளையாட்டு. நான் லீவில் வரும்போதெல்லாம், "அக்கா, இன்னும் பெரிய கணக்கா போடு" என்று நச்சரிப்பான். போட்டுக் கொடுத்தால் விரலை மடக்காமல் விடை சொல்வான். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதற்கிடையில் அம்மா ஒரு விண்ணப்பமும் கொடுக்கவில்லை. கோயிலுக்குப் போவாள், பாட்டுப் பாடுவாள், ஆமென் சொல்வாள். வாசலில் உபதேசியார் "உனக்கு ஒன்னும் இல்லியா சாராளு?" என்று கேட்டால், "இல்லீங்க ஐயா, போன தடவை குடுத்ததே இன்னும் தீரல" என்பாள். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொள்வார்.

அவனை என்னோடு அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று நான் சொன்னேன். நைனா வேண்டாம் என்றார். சொல்லாமல் பிள்ளையைக் கடத்தினால் மறுநாள் மனையைக் காலி பண்ணச் சொல்வார்கள், கண்ணை மூடும் வயதில் எங்கே போவது? அவர் பயத்தில் நியாயம் இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் மெத்தை வீட்டிலிருந்து ஆள் வந்தது. பையன் வளர்ந்துவிட்டானே, பொங்கல் போனதும் அனுப்பச் சொன்னார்கள்.

அம்மாவின் ஜெபம்

இனிக் கோயிலுக்குத் திரும்பலாம். அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். பெண்கள் பக்கத்திலிருந்து உரக்க ஜெபம் வந்தது கிடையாது. உபதேசியார் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைப்பதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

"ஆண்டவரே. செங்கல்பட்டு ஜில்லா, உத்திரமேரூர் தாலுக்கா."

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். அம்மாவுக்கு ஜெபத்தை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது.

"முந்தி ஒருவாட்டி மனசுக்குள்ள கேட்டேன். அது சரியா வந்து சேரல. அதான் இப்ப வாய வுட்டு கேக்கறேன். எம் புள்ள சாமுவேலு பள்ளிக்கூடம் போவணும். மெத்தை வூட்டு கொட்டாய்க்கு அவன நான் அனுப்பமாட்டேன். தலைய ஆட்டினது நானு. அவன் ஆட்டல. அவன் அப்ப வயித்துல இருந்தான்."

குரல் இறங்கவில்லை.

"வூட்டு மனைய புடுங்கிக்கினா எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. அத்தயும் நீயே பாத்துக்கோ. இத நீ கேக்கணும். கேக்க வேண்டியவங்களும் கேக்கணும். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. நைனா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஓர் ஆமெனுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். நாளை அது வரப்புக்குப் போகும். யார் யார் சொன்னார்கள் என்பதும் சேர்ந்து போகும்.

முதலில் சொன்னவள் லேயா பெரியம்மா. முந்தானைக்குள் இல்லை, வெளியே. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல். திரும்பிப் பார்த்தேன். மெட்ராஸ் போகாத சாலமோன் சித்தப்பா. அதற்குப் பிறகு பெண்கள் பாய் முழுக்கச் சொன்னது. நைனா சொன்னார். கடைசியாக உபதேசியாரும் சொன்னார். நியாயமாகப் பார்த்தால் அவருக்கும் தைரியம் வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் நைனா கேட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை

மறுநாள் நவரைப் பட்டத்து நடவு. வரிசையில் அம்மாவும் இருந்தாள், நடுவே. நான் கூழ்ப்பானையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

கிழக்குக் கோடியில் லேயா பெரியம்மா ஆரம்பித்தாள். வழக்கமாக அவள் வாயில் புறப்படுகிற எந்தச் செய்தியும் கைகால் முளைத்துத்தான் போகும். அன்று ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அது ஆள் ஆளாக வந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் பழக்க தோஷத்தில் அம்மாவிடமே அவள் ஜெபத்தைச் சொன்னாள். அம்மா நிமிராமல் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்து, அந்தப் பக்கம் இருந்தவளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கோடியில் நின்றவள் குடையின் கீழே நின்றவரிடம் சொன்னாள்.

அவர் குடையைக் கை மாற்றினார். பிறகு வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சாராளு. இன்னாமே இது?"

"சாமிகிட்ட கேட்டதுங்க ஆண்டே" என்றாள் அம்மா, நட்டுக்கொண்டே. "உங்ககிட்ட ஒன்னும் கேக்கலீங்களே."

அப்போது லேயா பெரியம்மா நிமிர்ந்தாள். இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வலி வந்த மாதிரி. அவளுக்கு அடுத்தவள் நிமிர்ந்தாள். அதற்கு அடுத்தவளும். வரிசை முழுக்க நாற்றுமுடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. அம்மா மட்டும் குனிந்திருந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் நேற்றே ஆண்டவரிடம் சொல்லியாகிவிட்டது.

ஆண்டை எங்கள் மேல் இரக்கப்பட்டார் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் பார்த்தது வேறு. பறித்துப் போட்ட நாற்று வரப்பெல்லாம் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதகிலிருந்து அவர் முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, நாளைக்கு அது அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். தென்னேரிப் பக்கம் வரைக்கும் எல்லா ஊரிலும் நடவு, வெளியாள் கிடைக்காது.

"வேலையப் பாருங்க" என்றார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பு வழியே போய்விட்டார்.

அது சம்மதமா கோபமா என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. தை கழிந்தது. ஆள் வரவில்லை. மனையை யாரும் கேட்கவில்லை. மெத்தை வீட்டம்மா சில மாதம் அம்மாவோடு பேசாமல் இருந்தாள், மாங்காய் நின்றுபோனது. எங்கள் ஊரில் சரி என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை.

உபதேசியார் அடுத்த ஞாயிறு அதே பிரசங்கத்தைத்தான் செய்தார். ஒவ்வொருவரைக் குறித்தும் ஒரு நோக்கம். ஆண்டவர் கேட்டார் என்றார். நான் மறுக்கவில்லை. இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் ஆண்டவர் கேட்டது, சேற்றில் நின்றவர்கள் வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்த்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு அது பழக்கமான வழியாகவும் இருக்கலாம்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். சாமுவேல் என் பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தான். வழக்கமாகக் கணக்குப் போடச் சொல்லி உயிரை எடுப்பவன், அன்று கணக்கே கேட்கவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா, நான் சாமிகிட்ட கேட்டு வாங்கின புள்ளதானே? கோயில்ல பசங்க எல்லாம் இல்லேன்றானுங்க. முந்தி கேட்டது சரியா வந்து சேரலன்னு அம்மாவே சொல்லிச்சே. அப்ப என்ன யாருதான் கேட்டாங்க?"

பஸ் வருகிற சத்தம் கேட்டது. நான் அவன் தலையைத் தடவினேன். பொய் சொல்ல வேண்டிய தேவை அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை.

"அம்மாதான்டா" என்றேன். "நேத்து கேட்டாங்க. இன்னிக்கு வாங்கிக்கினாங்க."